படகு வளர்த்த இளைஞர்கள்

சேலம் என்பது நமக்குப் பக்கத்து ஊரின் பெயர். வெண்ணந்தூர்த் தறிகளில் நெய்த துணி மூட்டை ஏறிப் போகிற ஊர். நோயாளியை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஊர். நம் மறைமாவட்டத்தின் தலைநகர். அப்பெயர் 'சேரலம்' என்பதன் திரிபு என்பாரும் உண்டு. மலை சூழ்ந்த இடமாதலால் 'சைலம்' என்பதே சேலம் ஆயிற்று என்பாரும் உண்டு. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் இதே பெயருடைய இன்னோர் ஊர் ஜெர்மனியின் தென்கோடியில், போடன்சே என்னும் பெரிய ஏரிக்கு அருகில் இருப்பதைப் பங்குமக்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் சபைத் துறவியர் அங்கே ஒரு மடம் அமைத்து, விவிலியத்தில் மெல்கிசேதேக்கு அரசாண்டதாகச் சொல்லப்படும் சாலேம் நகரின் பெயரை அதற்கு இட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மடங்களின் சொத்துக்களை அரசுகள் எடுத்துக்கொண்ட காலத்தில், அந்த மடம் கலைக்கப்பட்டுப் பாடன் அரச குடும்பத்தின் கைக்குப் போயிற்று. துறவியர் செபித்த அந்தக் கட்டடத்தில் 1920-ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. அதை நடத்தியவர் குர்ட் ஹான் என்னும் ஆசிரியர்.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் படகில் ஏற்றி, துடுப்பையும் பாயையும் அவர்கள் கையில் கொடுத்து, அதன் வழியே பொறுப்பையும் தலைமைப் பண்பையும் வளர்க்கும் பயிற்சி இன்று உலகின் பல நாடுகளில் நடக்கிறது. அதன் வேர்களில் முக்கியமான ஒன்று இந்த ஜெர்மன் சேலத்திலிருந்துதான் ஓடுகிறது. கடலிலிருந்து நூறு மைலுக்கு மேல் உள்ளே, தறிச் சத்தத்தின் நடுவே வாழும் நமக்குப் படகைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். வரலாற்றைச் சொல்லி முடித்தபின் அக்கேள்விக்கு வருவோம்.

சாரணரும் கடலும்

ஹானுக்கு முன்பே இந்த வழியில் ஒருவர் நடந்திருந்தார். போயர் யுத்தத்தில் பெயர் பெற்ற ஆங்கிலத் தளபதி பேடன் பவல், 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரவுன்சீ தீவுக்கு ஏறத்தாழ இருபது சிறுவர்களைப் படகில் அழைத்துச் சென்று ஒரு முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். சிறுவர்கள் நான்கு அணியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் அவர்களிலேயே ஒருவன் தலைவன். அவன் சொன்னபடி அணி நடக்க வேண்டும். அணியின் நடத்தைக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் சற்றே விலகி நின்றார்கள். சாரணர் இயக்கம் முழுவதும் இந்தச் சிறு ஏற்பாட்டின்மேல் கட்டப்பட்டதே ஆகும்.

இரண்டே ஆண்டுகளில் அது தண்ணீருக்கும் வந்தது. 1909-இல் பேடன் பவல் மீண்டும் ஒரு முகாம் கூட்டினார். 'மெர்க்குரி' என்னும் பயிற்சிக் கப்பலில் பாதிப் பேர் தங்கினார்கள். மீதிப் பேர் கரையில் கூடாரம் அடித்தார்கள். ஒரு வாரம் கழித்து இடம் மாற்றிக்கொண்டார்கள். (அந்தக் கப்பலை நடத்தியவர் சி.பி. ஃபிரை, நம் நாட்டு ரஞ்சித்சிங்ஜியோடு சேர்ந்து ஆடிய கிரிக்கெட் வீரர்.) பேடன் பவலின் அண்ணன் வாரிங்டன் கடல் அனுபவம் மிக்கவர். சிறுவர்களுக்கான கடல் பயிற்சி நூலை 1912-இல் அவரே எழுதினார். 'கடல் சாரணர்' என்னும் பிரிவு இப்படி உருவாயிற்று.

அதே 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. லண்டன் நகரின் ஏழைப் பகுதியாகிய வால்வொர்த்திலிருந்து சாரணச் சிறுவர் அணியொன்று தேம்ஸ் நதி வழியே பாய்மரப் படகில் முகாமுக்குச் சென்றது. லெய்ஸ்டவுன் என்ற இடத்தில், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், திடீரென வீசிய சூறைக்காற்றில் படகு கவிழ்ந்தது. எட்டுச் சாரணரும், பயிற்சிக் கப்பலொன்றைச் சேர்ந்த ஒரு சிறுவனும் ஆக ஒன்பது பேர் மாண்டார்கள். அவர்களுடைய உடல்களை லண்டனுக்குக் கொண்டுவர, அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் ஒரு போர்க்கப்பலையே அனுப்பினார். நதிக்கரை நெடுகிலும் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்களாம். இதை நாம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. இளைஞரைத் தண்ணீருக்கு அழைத்துச் செல்லும் எவரும் இந்த ஒன்பது பேரையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும் என்பது எம் கருத்து.

இத்தனைக்குப் பின்னும் அந்த இயக்கம் நின்றுவிடவில்லை. முதல் உலகப் போரில் கடற்கரைக் காவலர்கள் கடற்படைக்கு அழைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான சாரணச் சிறுவர்கள் அவர்கள் இடத்தில் நின்று இரவும் பகலும் கடலைப் பார்த்துக் காவல் காத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் டன்கிர்க் கரையில் சிக்கிய படையினரை மீட்கச் சிறு படகுகள் போன கதையைப் பலரும் அறிவார்கள். 'டைட்டானிக்' கப்பலின் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர் தப்பிய லைட்டோலர் என்பவர், 1940 ஜூன் முதல் நாளன்று தம் சொந்தப் படகை அங்கே ஓட்டிச் சென்றார். அவருடன் போனவர்கள் இருவரே: ஒருவர் அவர் மகன்; இன்னொருவன் பதினெட்டு வயதுக் கடல் சாரணன். அறுபது அடிகூட இல்லாத அந்தப் படகில் ஏறத்தாழ 130 போர்வீரர்களை ஏற்றிக்கொண்டு, குண்டு வீச்சுக்கு நடுவே, மூவரும் திரும்பி வந்தார்கள்.

மடத்துப் பள்ளி ஆசிரியர்

இனி குர்ட் ஹானிடம் வருவோம். அவர் 1886-இல் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரின் முடிவில், ஜெர்மன் பேரரசின் கடைசிப் பிரதம மந்திரியாக இருந்த பாடன் இளவரசர் மாக்ஸுக்குச் செயலாளராகப் பணியாற்றினார். போரில் தோற்று, பசியும் வன்மமும் மண்டிக் கிடந்த நாட்டில், இனி எதையாவது கட்டி எழுப்புவதென்றால் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்கவேண்டும் என்று இளவரசரும் செயலாளரும் எண்ணினார்கள். இளவரசரின் மாளிகையாகிவிட்டிருந்த அந்தப் பழைய மடத்திலேயே பள்ளி தொடங்கியது.

ஹான் பாடப் புத்தகத்தை வெறுத்தவர் அல்லர். ஆனால் புத்தகம் மட்டும் போதாது என்பதில் உறுதியாக இருந்தார். இக்காலத்து இளைஞரிடம் உடலுறுதி குறைகிறது, தாமாக முன்வந்து செய்யும் துணிவு குறைகிறது, கைத்தொழிலின் நுட்பமும் பொறுமையும் குறைகின்றன, தன்னடக்கம் குறைகிறது என்று அவர் பட்டியலிட்டார். எல்லாவற்றிலும் மோசமானது இரக்கம் குறைவதே என்றார். இதற்கு அவர் கண்ட மருந்து அறிவுரை அன்று. பிறர் உயிருக்குத் தான் பொறுப்பு என்ற நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டால், அவனுக்குள் உறங்கிக் கிடக்கும் இரக்கம் தானே எழும் என்பது அவர் நம்பிக்கை. கைத்தறியின் முன் உட்கார்ந்து பழகிய நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது விளங்காத செய்தியன்று. இழை அறுந்தால் யாரும் திட்ட வேண்டியதில்லை, தறியே சொல்லிவிடும்.

1932-ஆம் ஆண்டு ஹானுக்குச் சோதனை வந்தது. பொட்டெம்பா என்ற சிற்றூரில் ஹிட்லரின் கட்சியைச் சேர்ந்த முரடர்கள் ஒரு தொழிலாளியை அவன் தாயின் கண்ணெதிரே மிதித்துக் கொன்றார்கள். நீதிமன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ அவர்களுக்கு ஆதரவாகத் தந்தி அடித்தார். உடனே ஹான் தம் பள்ளியின் பழைய மாணவர் அனைவருக்கும் கடிதம் எழுதினார். சேலமா, ஹிட்லரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒருசேர உண்மையாய் இருக்க முடியாது என்பது அதன் சாரம். மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தவுடன், மார்ச்சு மாதம் ஹான் சிறை வைக்கப்பட்டார். இங்கிலாந்துப் பிரதமர் ராம்சே மாக்டொனால்டு முதலானோர் பரிந்து பேசியதன் பேரில் விடுதலை பெற்று, அந்த ஆண்டே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவருக்கு எழுதிய கடிதங்களில் இதைப் போன்ற விலை கொடுத்த கடிதம் அதிகம் இருக்க முடியாது.

1934-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கார்டன்ஸ்டன் என்ற இடத்தில், அவர் மறுபடியும் ஒரு பள்ளி தொடங்கினார். ஜெர்மன் சேலத்தில் சிறிது காலம் படித்து, பின்னர் இங்கே வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் எலிசபெத் ராணியாரை மணந்த இளவரசர் பிலிப். கடல் பக்கத்திலேயே இருந்ததால் படகுப் பயிற்சி அப்பள்ளியின் உயிர்நாடியாயிற்று. ஹோப்மன் என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் மாணவர்கள் துடுப்புப் போடவும் பாய் கட்டவும் பழகினார்கள். பாறை முனையில் ஒரு குடிசை போட்டு, புயல் நாட்களில் முறை வைத்துக் கப்பல்களைக் கவனித்துக் காவல் இருந்தார்கள். மீனவர் குடும்பங்கள் இவர்களை வேடிக்கைப் பிள்ளைகளாக நினைக்காமல், தங்களுக்கு ஒரு துணையாக நினைக்கும் நிலை வந்தது.

அடுத்த கட்டம் போரின் நடுவே பிறந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். 'புளூ ஃபன்னல்' என்று பெயர் பெற்ற கப்பல் கம்பெனியின் தலைவர்களுள் ஒருவரான லாரன்ஸ் ஹோல்ட், ஒரு செய்தியால் மனம் கலங்கிப் போயிருந்தார். கப்பல் மூழ்கியபின் உயிர்ப்படகில் தத்தளிக்கும்போது, வலுவான இளம் மாலுமிகள் முதலில் சோர்ந்து உயிர் விடுகிறார்கள். வயதான, பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் தாக்குப் பிடிக்கிறார்கள் என்று அவர் கருதினார். உடல் வலிமையில் இளைஞர்களே மேல். அப்படியானால் குறைவது எது? காற்றையும் நீரையும் அறிந்த பழக்கம். பக்கத்தில் இருப்பவனை விட்டுவிடக் கூடாது என்ற பிடிப்பு. இன்னும் ஒரு நாள் தாங்கலாம் என்ற நம்பிக்கை. இவற்றை இயந்திரக் கப்பலில் வேலை பார்க்கும் பையனுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை என்பது ஹோல்ட் கண்ட முடிவு.

ஹானும் ஹோல்ட்டும் சந்தித்ததன் விளைவாக, 1941 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அதற்கு 'அவுட்வர்டு பவுண்டு' என்று பெயர் வைத்தவர் ஹோல்ட். துறைமுகத்தை விட்டு வெளிக்கடல் நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிச் சொல் அது. ஹானுக்கு அந்தப் பெயர் முதலில் பிடிக்கவில்லை. ஹோல்ட் விட்டுக் கொடுக்கவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

ஏறத்தாழ நான்கு வாரப் பயிற்சி. கப்பல் கம்பெனியின் பையன்கள், தொழிற்சாலைகளில் வேலை பழகும் பையன்கள், போலீசிலும் தீயணைப்புப் படையிலும் சேரவிருந்தவர்கள், பெரிய பள்ளிகளின் மாணவர்கள் எல்லோரும் ஒரே படகில் அமர்ந்தார்கள். விடியலில் குளிர்ந்த நீரில் குளியல், சிறு படகில் துடுப்புப் பழக்கம், கயிறும் முடிச்சும், வரைபடம் பார்த்து வழி காணல், நீரில் மூழ்கியவரை மீட்கும் முறை, மலைகளைக் கடந்து நெடும் நடை, முடிவில் பயிற்சிக் கப்பலில் கடல் யாத்திரை. அணிகளின் தலைவர்கள் பையன்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இவர்கள் எல்லோரும் மாலுமிகள் ஆகப் போவதில்லை என்பது ஹோல்ட்டுக்குத் தெரியும். கடல் வேலைக்குப் போகாத பையனுக்கும் கடல் ஆசிரியராக இருக்கட்டும் என்பதே அவர் கொண்ட நோக்கம். எம் சிறு அறிவுக்கு எட்டியவரை, இந்த வரலாறு முழுவதிலும் நெஞ்சில் நிறுத்தவேண்டியது இந்த ஒன்றே.

போர் முடிந்தபின் அந்த விதை பல திசைகளில் விழுந்தது. மலேயாவின் லூமுட் என்ற இடத்தில் 1950-களிலும், சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் 1967-இலும் இதே பெயரில் பள்ளிகள் எழுந்தன. சிங்கப்பூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளிப் பருவத்தில் அந்தத் தீவுக்குப் போய்ப் படகு தள்ளி வந்தவர்களே. ஹானின் எண்ணத்தைத் தழுவி இளவரசர் பிலிப் 1956-இல் இளைஞர் விருதுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். எவரெஸ்டு வெற்றிக்குழுவின் தலைவர் ஜான் ஹன்ட் அதை நடத்தினார். ஹான் முதுமையில் ஜெர்மனிக்குத் திரும்பி, 1974 டிசம்பரில் காலமானார். அவர் உடல் சேலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் சாரணர் அணி 1909-இல் பெங்களூரில் தொடங்கியது. ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே. கறுப்புப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. இந்த அநீதியைப் பொறுக்காமல் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் அமைத்தார். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது இரு தரப்பும் இணைந்தன. விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ஆம் நாள் 'பாரத சாரணர்' அமைப்பு உருவாயிற்று. மறு ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தார்கள். கடல் சாரணர் பிரிவு அதிலும் உண்டு. ஆயினும் நம் நாட்டில் படகுப் பயிற்சியைச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது தேசிய மாணவர் படையே ஆகும்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறந்த அந்தப் படையில், 1952-இல் கடற்படைப் பிரிவு சேர்க்கப்பட்டது. மாணவர் படை என்றாலே பலருக்கு நினைவு வருவது காக்கிச் சட்டையும் அணிவகுப்பும்தான். கடற்படைப் பிரிவின் மாணவருக்கு உடை வெள்ளை, பள்ளிக்கூடம் தண்ணீர். அவர்கள் பழகுவது 'வேலர்' என்னும் நீண்ட படகில். திமிங்கல வேட்டைக்காரர்கள் பயன்படுத்திய படகின் வழியில் வந்தது அது. பழைய வேலரின் நீளம் 27 அடி. துடுப்புகள் ஐந்து, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. கணக்கு ஒவ்வாததுபோல் தோன்றும். இருந்தும் படகு நேராகப் போகவேண்டும். ஐந்து பேரும் ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினாலும் துடுப்புகள் மோதிக்கொள்ளும். பின்னால் சுக்கானைப் பிடித்து அமர்ந்திருப்பவன் ஒருவன்தான் முன்பக்கம் பார்க்கிறான். துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி, அவன் முகத்தைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். வழியைக் காணாதவர்கள் வழியைக் காண்பவனை நம்பி இழுக்கிறார்கள். அவனோ தன் கையால் ஒரு துடுப்பும் போடாமல் ஐவரின் உழைப்புக்கும் பொறுப்பேற்கிறான். மறுநாள் அவன் துடுப்புக்கு வருவான், வேறொருவன் சுக்கானுக்குப் போவான். தலைமையைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறோம். இந்தப் படகு சொல்வதைவிடத் தெளிவாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இதோடு கொடிச் சைகை, முடிச்சு வகைகள், பாய்மரம், கப்பல் மாதிரி செய்தல் ஆகியவையும் உண்டு. ஆண்டுதோறும் அகில இந்திய அளவில் கடற்படை மாணவர் முகாம் நடக்கிறது. மாணவியரும் சம இடம் பெறுகிறார்கள். படகு பெண்களுக்கு ஆகாது என்று இன்னும் எண்ணுவோர் ஒரு செய்தியைக் கேட்கட்டும். 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் இரண்டு கடற்படை அதிகாரிகள் புறப்பட்டு, உலகத்தைச் சுற்றி, 2025 மே 29-இல் திரும்பி வந்தார்கள். இருவரும் பெண்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி.

கடல் இல்லா ஊரார்

கடற்கரைப் பங்குகளில் பிறந்த பிள்ளைக்குப் படகு தாய்ப்பாலோடு வருகிறது. நமக்கு எப்படி என்று கேட்கலாம். ஹாங்சோ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற நேகா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து உழவர் வீட்டுப் பெண். கடலைக் கண்ணால் காணவே நெடுந்தொலைவு ரயில் ஏறவேண்டிய இடம் அது. போபால் நகரத்துப் பெரிய ஏரியில் அரசு நடத்தும் பயிற்சிப் பள்ளியில் அவர் பழகினார். அதே போட்டியில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் பிறந்தது நம் வேலூரில். அங்கேயும் கடல் இல்லை. சென்னை நேத்ரா குமணன் கோடை விடுமுறை முகாம் ஒன்றில் படகேறிப் பழகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

சிறு பிள்ளைகள் தனியாக ஓட்டிப் பழகும் 'ஆப்டிமிஸ்டு' என்ற படகு, எட்டடிகூட இல்லாத பெட்டி போன்ற ஒன்று. 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர், சாதாரண ஒட்டுப்பலகையில், அதிகச் செலவில்லாமல் எவரும் செய்துகொள்ளும்படி அதை அமைத்தார். அதன் வடிவைப் பார்த்தால், இது மிதக்குமா என்றுதான் முதலில் தோன்றும். உலகின் பெரும் பாய்மர வீரர்களில் பலர் அதில் தொடங்கியவர்களே.

இன்னும் ஒன்று. நம் ஆண்டவர் தம் முதல் சீடரை அழைத்த இடத்தைக் 'கலிலேயாக் கடல்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது நன்னீர் ஏரி. மேட்டூர் அணை முழுதும் நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு அந்த ஏரியைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். இராயப்பர் வலை வீசியது ஏறத்தாழ நம் மேட்டூர் அளவுள்ள தண்ணீரில்!

மேட்டூர் என்றதும் பண்ணவாடி நினைவுக்கு வருகிறது. 1934-இல் அணை கட்டி முடிந்தபோது நீருக்குள் போன ஊர்களின் நினைவாக, நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோவிலின் நந்தியும் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலை காட்டுகின்றன. அவற்றைக் காணப் போகிறவர்களைப் பரிசல்காரர்களே ஏற்றிச் செல்கிறார்கள். மூங்கிலைப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசிச் செய்யும் அந்த வட்டப் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பைச் சரியாகப் போடத் தெரியாதவன் கையில் அது நின்ற இடத்திலேயே சுழலும். ஒகேனக்கல் முதல் பரமத்தி வேலூர் வரை காவிரி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கலை அது. கப்பல் கம்பெனித் தலைவர் ஹோல்ட் தேடிய பழைய மாலுமிகளைப் போன்றவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பாலங்கள் வந்தபின் அவர்களைக் கேட்பாரில்லை.

நம் பிள்ளைகள் தண்ணீருக்குப் போகாமல் இல்லை. ஆடிப் பெருக்குக்குக் காவிரிக்குப் போகிறார்கள். கோடையில் கிணற்றிலும், கல் எடுத்த குட்டையிலும் குதிக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாட்களில் நாளேட்டைப் பிரிக்கவே நமக்குக் கை நடுங்குகிறது. பெரும்பாலும் ஒருவன் மூழ்க, அவனைக் காப்பாற்றப் போன நண்பனும் சேர்ந்து மூழ்கியதாகவே செய்தி இருக்கும். இரக்கம் அந்த நண்பனிடம் இருந்தது. கயிறு வீசத் தெரியவில்லை, பின்பக்கமாக அணுகிப் பிடிக்கத் தெரியவில்லை, நீச்சலும் முழுதாகத் தெரியவில்லை. குர்ட் ஹானின் பள்ளியில் மீட்புப் பயிற்சிக்கு முதலிடம் கொடுத்ததன் பொருள் நமக்கு இங்கேதான் விளங்குகிறது.

மறுபுறம், பயிற்சி இல்லாத படகு பயிற்சி இல்லாத நீச்சலைவிடக் கொடியது. 2024 ஜனவரி 18-ஆம் நாள் குஜராத்தின் வடோதரா நகரில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளை அளவுக்கு மேல் ஏற்றிய படகு கவிழ்ந்து, 12 மாணவரும் 2 ஆசிரியரும் இறந்தார்கள். பலருக்கு மிதவைச் சட்டை அணிவிக்கப்படவில்லை. லெய்ஸ்டவுன் நடந்து நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகப் போகின்ற வேளையில் இது நடந்தது.

ஆகவே, விழாவை ஒட்டி நம் பங்கு இளைஞருக்குப் படகுப் பயிற்சி ஒன்று தொடங்கலாம் என்று எவரேனும் முன்வந்தால், எம் ஆலோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கல்லூரியிலோ பள்ளியிலோ மாணவர் படையின் கடற்படைப் பிரிவு கிடைக்கும் பிள்ளைகளை அதில் சேரச் செய்வது முதல் வழி. அங்கே படகும் ஆசிரியரும் அரசுடையவை. கிடைக்காதவர்களுக்காக, சான்றிதழ் பெற்ற நீச்சல் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நேரத்தைத் தனியே ஒதுக்கி, ஓர் ஆசிரியையை உடன் வைக்கவேண்டும். பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு இன்றி ஒருவரையும் சேர்க்கக் கூடாது. ஆள் ஒன்றுக்கு ஒரு மிதவைச் சட்டை. அதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குப் படகு கரையை விட்டு நகரக் கூடாது. காவிரிக் கரைப் பரிசல்காரர் ஒருவரை மரியாதையோடு அழைத்து, தக்க ஊதியம் கொடுத்து, ஆற்றின் போக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரச் செய்யலாம். அணித் தலைவர்களைப் பெரியவர்கள் நியமிக்காமல், வாரம் ஒருவராகப் பிள்ளைகளே முறை வைத்துக்கொள்ளட்டும். முதல் ஆண்டு நீச்சலும் மீட்பும் மட்டும். படகு அடுத்த ஆண்டு.